துப்பாக்கியின் உதையைத் தணிக்கும் வழிகள்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தபோது .22 ரைஃபிளால் சுட்டிருக்கிறேன். தோளில் உதை விழுந்ததாகவே தெரியவில்லை. காவல்துறையில் பணியாற்றிய என் தந்தையோ, .303 ரைஃபிளால் சுட்டுவிட்டு வந்தால் தோள் கன்றிப்போய்விடும் என்பார். இரண்டும் ரைஃபிள்தானே, ஏன் இந்த வேறுபாடு?
– வாசகி, மதுரை

குண்டு முன்னே செல்லும்போது பெறும் உந்தத்துக்குச் சமமான உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது என்பதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பாடநூல்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. குழலிலிருந்து வெளியேறுவது குண்டு மட்டுமன்று. எரிந்த வெடிமருந்து முழுவதும் வாயுவாகி, குண்டைவிட அதிக வேகத்தில் அதன் பின்னாலேயே பீறிட்டு வெளியேறுகிறது. அந்த வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால்தான் உதையின் கணக்கு முழுமையாகும்.

.22 ரைஃபிளின் குண்டு ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ளது. விநாடிக்கு 330 மீட்டர் அளவிலான வேகத்தில் செல்கிறது. அதில் வெடிமருந்து மிகக் குறைவு. ரைஃபிளின் எடை மூன்று கிலோ என்று கொண்டால், அது விநாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் பின்னே நகரும். அதன் இயக்க ஆற்றல் 0.13 ஜூல் அளவுதான். உங்கள் தந்தை சுட்ட .303 தோட்டாவின் குண்டு 11.3 கிராம், வேகம் விநாடிக்குச் சுமார் 740 மீட்டர். அதனுடன் சுமார் 2.4 கிராம் மருந்து எரிந்து, விநாடிக்கு 1,200 மீட்டர் அளவிலான வேகத்தில் வாயுவாக வெளியேறுகிறது. நான்கு கிலோ எடையுள்ள ரைஃபிள் இதனால் விநாடிக்கு 2.8 மீட்டர் வேகத்தைப் பெறுகிறது. அதன் ஆற்றல் 16 ஜூல். உந்தம் ஏறத்தாழ பதின்மூன்று மடங்காகும்போது, தோளில் வந்து சேரும் ஆற்றல் நூறு மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. வேகத்தின் இருமடி ஆற்றலில் நுழைவதே இதற்குக் காரணம்.

உதையைக் குறைக்கும் மிகப் பழைய வழியும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. துப்பாக்கியின் எடையை இருமடங்காக்கினால் அதன் பின்வேகம் பாதியாகும், ஆற்றலும் பாதியாகும். ஆனால் எட்டுக் கிலோ ரைஃபிளை நாள் முழுவதும் சுமந்து நடக்க எவரும் விரும்புவதில்லை. எடையைக் கூட்டாமல் என்ன செய்யலாம் என்ற தேடலே பிற உத்திகள் அனைத்துக்கும் தோற்றுவாய்.

உங்கள் தந்தையின் தோள் கன்றியதற்கு இன்னும் இரு காரணங்களைச் சொல்லலாம். அந்த ரைஃபிளில், தோளில் ஊன்றும் மரக்கட்டை முடியும் இடத்தில் பித்தளைத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். அது சற்றும் நெகிழாது. மேலும், கட்டையைத் தோளோடு இறுகச் சேர்த்துப் பிடிக்காவிட்டால், ரைஃபிள் தனியே வேகமெடுத்து வந்து எலும்பில் மோதும். இறுகப் பிடித்தால் தோளும் மேலுடலும் ரைஃபிளின் நிறையோடு சேர்ந்துகொள்வதால், அடியாக விழ வேண்டியது தள்ளலாக மாறிவிடும்.

சுருள்வில்லையோ ரப்பரையோ வைத்தால் உதை குறையும் என்கிறார்கள். உந்தம் அழியாது என்பது விதியானால், அந்த உந்தம் எங்கே போகிறது?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

எங்கும் போவதில்லை, முழுவதும் தோளுக்குத்தான் வந்து சேர்கிறது. வந்து சேரும் கால அளவுதான் மாறுகிறது. மேலே சொன்ன .303 ரைஃபிளின் பின்னுந்தம் 11 கிலோகிராம்-மீட்டர்/விநாடிக்குச் சற்று மேல். அதைத் தோள் பத்து மில்லி விநாடியில் தடுத்து நிறுத்தினால் சராசரி விசை 1,100 நியூட்டனைத் தாண்டும். இருபது மில்லி விநாடி கிடைத்தால் அது பாதியாகிவிடும். உடல் உணர்வது உந்தத்தின் கூட்டுத்தொகையை அன்று. விசை எவ்வளவு உயரத்துக்கு எழுகிறது, எவ்வளவு விரைவாக எழுகிறது என்பதைத்தான். ரப்பர் அட்டை இந்தக் கால அளவை நீட்டுவதோடு, விசையைச் சற்று அகன்ற பரப்பிலும் பரப்புகிறது. 1963-இல் வெளிவந்த ரெமிங்டன் 1100 போன்ற, வாயுவால் இயங்கும் தானியங்கி வேட்டைத் துப்பாக்கிகள் மென்மையாக உதைப்பதாகப் பெயர் பெற்றதும் இதனால்தான். அவற்றில் நகரும் உறுப்புகள் உந்தத்தின் ஒரு பகுதியைத் தாம் ஏந்திக்கொண்டு, சற்றுத் தாமதித்தே தோளுக்குக் கொடுக்கின்றன.

இந்தத் தத்துவத்தின் மிகச் சிறந்த வெளிப்பாடு கைத்துப்பாக்கிகளிலோ ரைஃபிள்களிலோ அல்ல, பீரங்கியில்தான் நிகழ்ந்தது என்பது என் கருத்து. 1897-இல் பிரெஞ்சுப் படை ஏற்றுக்கொண்ட 75 மி.மீ. பீரங்கிக்கு முன்னால், ஒவ்வொரு முறை சுட்டபோதும் பீரங்கி முழுவதும் சக்கரங்களோடு பின்னே உருண்டது. வீரர்கள் அதை மீண்டும் தள்ளிக்கொண்டு வந்து, மீண்டும் குறி வைக்க வேண்டியிருந்தது. புதிய பீரங்கியில் குழல் மட்டும் தன் தொட்டிலின் மீது 1.2 மீட்டர் அளவுக்குப் பின்னே வழுக்கிச் சென்றது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. குழலோடு இணைந்த பிஸ்டன், எண்ணெயை ஒரு குறுகிய வழியாகப் பிதுக்கித் தள்ளியது. அந்த எண்ணெய் மற்றோர் உருளையில் இருந்த காற்றை அழுத்தியது. குழல் நின்றதும், அழுந்திய காற்று அதை மெல்ல முன்னிடத்துக்குத் தள்ளிவிட்டது. மீண்டும் குறி வைக்கும் வேலை இல்லாமற்போனதால் நிமிடத்துக்குப் பதினைந்து குண்டுகள் சுடும் ஆற்றல் அந்தப் பீரங்கிக்குக் கிடைத்தது. தெப்போர் தொடங்கிய வடிவமைப்பை சேன்ட்-கிளேர் தெவீலும் ரிமாயோவும் நிறைவு செய்தனர். அதன் பிறகு வந்த களப் பீரங்கிகள் ஏறக்குறைய அனைத்தும் இந்த வழியையே பின்பற்றின.

நீங்கள் பொறியியல் மாணவர் என்பதால் எண்ணெயின் பங்கைத் தனியே கவனிக்க வேண்டும். சுருள்வில் வாங்கிக்கொண்ட ஆற்றலை ஏறத்தாழ முழுவதுமாகத் திருப்பித் தந்துவிடும். அதனால் குழல் அதே வேகத்தில் முன்னே பாய்ந்து, வண்டியை மறுபுறம் இழுத்துக் குலுக்கும். குறுகிய துளை வழியே பிதுங்கும் எண்ணெயோ ஆற்றலின் பெரும்பகுதியை வெப்பமாக மாற்றிவிடுகிறது. தடுப்பதற்கு எண்ணெய், திருப்பிச் சேர்ப்பதற்குக் காற்று என்று இரு வேலைகளையும் பிரித்ததில்தான் அந்த வடிவமைப்பின் மேதைமை இருக்கிறது.

தேசிய சேவையின்போது நான் அல்டிமேக்ஸ் 100 இயந்திரத் துப்பாக்கியைப் பயன்படுத்தினேன். தொடர்ச்சியாகச் சுடும்போதுகூட, சாதாரண ரைஃபிளைவிட அது அமைதியாக இருந்தது. எடையும் அதிகமில்லை. இது எப்படி முடிகிறது?
– வாசகர், சிங்கப்பூர்

இந்தக் கேள்விக்கு விரிவாக எழுத எனக்கு விருப்பம். ஏனெனில் நீங்கள் கையில் வைத்திருந்தது இத்துறையின் மிக நேர்த்தியான தீர்வுகளுள் ஒன்று. சிங்கப்பூரின் சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துக்காக அமெரிக்க வடிவமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவன் உருவாக்கியது அது. யூஜின் ஸ்டோனரின் ஏ.ஆர்.-10 ரைஃபிளைச் சிறிய தோட்டாவுக்கு ஏற்பச் சுருக்கி ஏ.ஆர்.-15 ஆக்கியதில் பங்கேற்றவரும் இந்தச் சல்லிவன்தான். சிங்கப்பூர் ஆயுதப்படை அல்டிமேக்ஸை 1982-இல் ஏற்றுக்கொண்டது. தோட்டா இல்லாத நிலையில் அதன் எடை ஐந்து கிலோவுக்குள்தான்.

வாயுவால் இயங்கும் ஒரு தானியங்கித் துப்பாக்கியில், ஒரு முறை சுடும்போது தோளுக்கு வருவது ஓர் அடி அன்று. முதல் அடி குண்டு குழலில் ஓடும்போது விழுகிறது. குழலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வாயு பிஸ்டனைப் பின்னே தள்ள, பிஸ்டனோடு சேர்ந்த போல்ட் தாங்கி (குழலின் பின்வாயைப் பூட்டும் போல்ட்டைச் சுமக்கும் உறுப்பு) பின்னோக்கிப் பாய்கிறது. வாயு பிஸ்டனைப் பின்னே தள்ளும்போதே, தான் அடைபட்டிருக்கும் உருளையின் முன்சுவரை முன்னேயும் தள்ளுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதாவது, உந்தத்தின் ஒரு பகுதி துப்பாக்கியின் உடலிலிருந்து கழிக்கப்பட்டு, நகரும் தாங்கியிடம் கடனாக ஒப்படைக்கப்படுகிறது. வழக்கமான துப்பாக்கிகளில் அந்தத் தாங்கி சுருள்வில்லை முழுவதும் அழுத்திய பிறகும் வேகம் மிச்சமிருக்க, பின்சுவரில் போய் முட்டி நிற்கிறது. அதுதான் இரண்டாவது அடி. உலோகத்தோடு உலோகம் மோதும் அந்தக் கணத்தில் விசை மிக உயர எழுகிறது. துப்பாக்கி குறியிலிருந்து விலகுவதில் இதன் பங்கு பெரிது.

சல்லிவன் செய்தது கேட்பதற்கு எளியது. தாங்கி ஓடும் பாதையை நீட்டி, நீளமான, மென்மையான சுருள்வில்லை வைத்து, பின்சுவரைத் தொடுவதற்கு முன்பே தாங்கி நின்று திரும்புமாறு அமைத்தார். மோதல் என்பதே இல்லை. தாங்கி பின்னே செல்லும்போதும் முன்னே திரும்பும்போதும் சுருள்வில் ஏறத்தாழ ஒரே அளவான விசையைத் துப்பாக்கியின் உடல் மீது செலுத்திக்கொண்டே இருக்கிறது. இதனால்தான் இதற்கு மாறாத உதை என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

எவ்வளவு விசை என்பதையும் கணக்கிட்டுவிடலாம். 5.56 மி.மீ. தோட்டா ஒன்று, வாயுவையும் சேர்த்து, ஏறத்தாழ 6 அலகு (கிலோகிராம்-மீட்டர்/விநாடி) உந்தம் தருகிறது. நிமிடத்துக்கு 500 முறை என்றால் விநாடிக்கு எட்டு முறைக்குச் சற்று மேல். பெருக்கினால் சராசரி விசை 50 நியூட்டன். எவ்வளவு திறமையான வடிவமைப்பாளராலும் வில்லையும் பிஸ்டனையும் கொண்டு இந்தச் சராசரியைக் குறைக்க இயலாது. ஆனால் இடையிடையே விழும் அடிகளை மட்டம் செய்து இந்தச் சராசரியை நெருங்கிவிட்டால், சுடுபவர் உணர்வது ஐந்து கிலோ எடை தோளில் விடாமல் சாய்ந்திருப்பதைத்தான். அதை எதிர்த்து நிற்க மனித உடலுக்குத் தெரியும்; அடுத்தடுத்து விழும் அடிகளுக்கு ஈடு கொடுக்கத்தான் தெரியாது. நீங்கள் உணர்ந்த அமைதி இந்த மட்டமாக்கலின் பயன்.

இதற்கான விலை நீளம். தாங்கி நெடுந்தொலைவு ஓட வேண்டுமென்றால் பின்பகுதி நீண்டாக வேண்டும். சுடும் வேகமும் பிற இயந்திரத் துப்பாக்கிகளைவிடக் குறைகிறது. இலகுவான துப்பாக்கியைக் கட்டுக்குள் வைத்திருக்க அந்தக் குறைவு உதவுவதால், நான் அதைக் குறையாகக் கருதவில்லை.

ரஷ்யர்கள் இதே இரண்டாவது அடியை வேறு விதமாக வென்றார்கள். ஏ.இ.கே.-971, ஏ.கே.-107 ஆகிய ரைஃபிள்களில், தாங்கி பின்னே பாயும்போது ஒரு பற்சக்கரத்தின் வழியாக இணைக்கப்பட்ட எதிரெடை ஒன்று முன்னே பாய்கிறது. இரண்டும் தத்தம் எல்லையை ஒரே நேரத்தில் அடைவதால் அவற்றின் மோதல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. நுட்பமான ஏற்பாடுதான், ஆனால் உறுப்புகளின் எண்ணிக்கை கூடுகிறது. குண்டும் வாயுவும் தரும் முதல் உந்தத்தை அந்த எதிரெடை தொடுவதில்லை. சல்லிவனின் விடையில் புதிய உறுப்பு எதுவும் இல்லை என்பதாலேயே நான் அதை ஒரு படி மேலே வைக்கிறேன்.

கைத்துப்பாக்கியால் சுடும்போது அது பின்னே வருவதைவிட மேல்நோக்கித் துள்ளுவதே அதிகமாகத் தெரிகிறது. ஏன்?
– வாசகர், சேலம்

உதை செயல்படும் கோடு, குழலின் நடு அச்சு. அதைத் தடுக்கும் உங்கள் கை அந்த அச்சுக்குக் கீழே இருக்கிறது. மேலே பின்னோக்கி ஒரு விசை, கீழே அதை எதிர்த்து முன்னோக்கி ஒரு விசை என்றால், இரண்டும் சேர்ந்து ஒரு திருப்புவிசையாகித் துப்பாக்கியின் முனையை மேலே தூக்குகின்றன. ரைஃபிளிலும் இதுவே நடக்கிறது; பழைய ரைஃபிள்களின் கட்டை கீழ்நோக்கி வளைந்து தோளுக்கு வருவதால் அச்சு தோளுக்கு மேலே அமைந்துவிடுகிறது. எம்.16 போன்றவற்றில் கட்டையைக் குழலின் நேர்க்கோட்டிலேயே வைத்து இந்தத் திருப்பலைக் குறைத்தார்கள். அப்படிச் செய்தபோது கண்ணுக்கு எட்டும் உயரத்துக்குக் குறிகாட்டியை உயர்த்த வேண்டியதாயிற்று; அந்த ரைஃபிளின் முதுகில் இருந்த உயரமான கைப்பிடி அதற்காகவும் பயன்பட்டது.

கைத்துப்பாக்கியில் இதை அறுதி எல்லைக்கே கொண்டுசென்ற ஒரு நிகழ்ச்சி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நடந்தது. 25 மீட்டர் விரைவுச் சுடும் போட்டிக்குச் சோவியத் அணியினர் எம்.டி.எஸ்.-3 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தனர். வழக்கமான துப்பாக்கியைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற அமைப்பு அது. குழல் கையின் மட்டத்துக்கு இறங்கிவிட்டதால் முனை துள்ளுவது ஏறத்தாழ இல்லாமற்போனது. அந்தப் போட்டியில் யெவ்கெனி செர்கசோவ் வெள்ளிப் பதக்கம் வென்றார். பிறகு பன்னாட்டு விதிகள் குழலின் அச்சு கையின் மேல்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது என்று வரையறுத்ததால் அந்த வடிவம் போட்டிகளிலிருந்து மறைந்தது. 2012 லண்டனில் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்றதும் இதே 25 மீட்டர் விரைவுச் சுடும் பிரிவில்தான். நான்கு விநாடிக்குள் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டிய போட்டியில், ஒவ்வொரு முறையும் முனை எவ்வளவு எழுகிறது என்பது பதக்கத்தைத் தீர்மானிக்கக்கூடிய செய்தி. அந்தத் தடை நியாயமானதே என்று நான் நினைக்கிறேன். இல்லையென்றால் போட்டி வீரர்களிடமிருந்து வடிவமைப்பாளர்களின் கைக்குப் போயிருக்கும்.

எங்கள் ஊர்த் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்படும் வித்வன்சக் துப்பாக்கியின் முனையில் பெரிய பெட்டி போன்ற ஒன்று இருப்பதைப் படத்தில் பார்த்தேன். அது எதற்கு?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

அது வாயுவின் திசையைத் திருப்பும் முனைத்தடுப்பு. வித்வன்சக், மனிதர்களைவிட வாகனங்களையும் கருவிகளையும் தாக்குவதற்கென அமைந்த பெரிய ரைஃபிள், 12.7, 14.5, 20 மி.மீ. என மூன்று அளவுகளில் குழல்களை மாற்றிக்கொள்ளலாம். சிறிய அளவான 12.7 மி.மீ.யை எடுத்துக்கொண்டாலே, உத்தேசமாக 48 கிராம் குண்டு விநாடிக்கு 840 மீட்டர் வேகத்தில் செல்கிறது. வாயுவையும் சேர்த்தால் உந்தம் 60 அலகைத் தொடும். துப்பாக்கியின் எடை 25 கிலோ இருந்தும், தடுப்பு எதுவும் இல்லையென்றால் .303 ரைஃபிளைப் போல நான்கு மடங்குக்கு மேற்பட்ட ஆற்றல் தோளுக்கு வரும்.

அந்த 60 அலகில் மூன்றில் ஒரு பங்கு வாயுவுடையது என்பதில்தான் முனைத்தடுப்புக்கு வேலை இருக்கிறது. குண்டு வெளியேறியதும் பின்னால் வரும் வாயு, தடுப்பின் சுவர்களில் மோதிப் பக்கவாட்டில் திரும்புகிறது. திரும்பும்போது அது துப்பாக்கியை முன்னே தள்ளுகிறது. வாயுவைச் சற்றுப் பின்னோக்கியே திருப்பிவிட்டால் முன்தள்ளல் இன்னும் கூடும். இதுவரை சொன்ன உத்திகளுள், தோளுக்கு வரும் மொத்த உந்தத்தையே உண்மையாகக் குறைப்பது இது ஒன்றுதான். .22 ரைஃபிளில் வாயுவின் பங்கு அற்பமானது. எனவே அங்கே இதைப் பொருத்திப் பயனில்லை. இதன் குறை, வெடியோசையும் அழுத்த அலையும் சுடுபவரின் காதை நோக்கித் திரும்புவது; தரையில் புழுதியும் எழும். அருகில் நிற்பவருக்கு அது சுடுபவரைவிட அதிகத் துன்பம்.

1920-களில் தாம்சன் துப்பாக்கிக்கு வந்த கட்ஸ் தடுப்பு இதன் வேறொரு வகை. அதன் பிளவுகள் மேற்புறத்தில் மட்டும் இருந்ததால், மேலே பாய்ந்த வாயு முனையைக் கீழே அழுத்தித் துள்ளலைக் குறைத்தது.

வித்வன்சக்கில் முனைத்தடுப்போடு வேலை முடியவில்லை. குழலும் போல்ட் அமைந்த உடற்பகுதியும் சேர்ந்து, வெளிச்சட்டத்துக்குள் ஒரு தணிப்பானை அழுத்திக்கொண்டு பின்னே நகர்கின்றன. 1897-இன் பீரங்கியில் கண்ட அதே எண்ணம், ஆட்கள் பிரித்துச் சுமக்கக்கூடிய அளவுக்குச் சுருங்கித் திருச்சிக்கு வந்திருக்கிறது.

உதையே இல்லாத துப்பாக்கி சாத்தியமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

சாத்தியம், முன்னே செல்லும் உந்தத்துக்குச் சமமாகப் பின்னேயும் எதையாவது அனுப்பிவிட்டால் போதும். அமெரிக்கக் கடற்படையின் கிளீலண்ட் டேவிஸ், முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு இரு முனைகளும் திறந்த குழல் ஒன்றை அமைத்தார். முன்னே குண்டு சென்றபோது, பின்னே அதே எடையுள்ள ஈயச் சிதறல்களும் மசகும் தெறித்தன. மெல்லிய சட்டம் கொண்ட அக்கால விமானத்திலிருந்துகூட அதனால் சுட முடிந்தது. சுவீடனின் கார்ல் குஸ்டாஃப் 84 மி.மீ. ஆயுதத்தில் ஈயத்துக்குப் பதில் வாயுவே பின்பக்கக் கூம்பு வழியாக மிகுந்த வேகத்தில் வெளியேறுகிறது. தோளில் வைத்துச் சுடுபவருக்கு உதை இல்லை. அவருக்குப் பின்னால் பல மீட்டர் தொலைவுக்கு எவரும் நிற்கக் கூடாது.

விளையாட்டுத் துப்பாக்கிகளில் இதற்கு மென்மையான வழிகள் உண்டு. சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கியில் சிக்கல் குண்டால் எழுவதில்லை. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதறுகிறது. பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னே உதறுகிறது. இவை நடக்கும்போது குண்டு இன்னும் குழலுக்குள்ளேயே இருப்பதால் குறி கெட்டுவிடுகிறது. ஜெர்மனியின் டயானா நிறுவனம் எதிரெதிரே பாயும் இரண்டு பிஸ்டன்களைப் பற்சக்கரத்தால் இணைத்து உதறலை ஈடுசெய்தது. ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த 150 ரைஃபிளில், சுடுவிசையை (டிரிகர்) இழுத்த கணமே குழலும் உருளையும் சேர்ந்து கட்டையின் மேலுள்ள தண்டவாளத்தில் தாமே பின்னே வழுக்கின. கட்டையும் அதைப் பற்றியிருந்த தோளும் கன்னமும் அசையவில்லை. முன்கூட்டியே அழுத்திவைத்த காற்றால் இயங்கும் துப்பாக்கிகள் வந்த பிறகு இந்த இரு ஏற்பாடுகளும் போட்டிக் களத்திலிருந்து விலகிவிட்டன. பழைய ஃபைன்வெர்க்பாவ் ரைஃபிள்களைப் பேணிக் காத்து இன்றும் சுடுபவர்கள் இருக்கிறார்கள்.